முக்கால்வாசி வயிறு

டாக்டர் நன்மாறனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மறுநாள் காலை முதன்முதலாகத் தன் கையால் எடை குறைப்பு ஆபரேஷன் செய்யப் போகிறார். பரோட்டாக் கடை செல்லையா, நூற்று நாற்பத்திரண்டு கிலோ, சம்மதப் படிவத்தில் கையெழுத்தும் போட்டாயிற்று. அப்படியிருக்க, நன்மாறனுக்குக் கற்றுக்கொடுக்கும் டாக்டர் ரெஜினா மட்டும் "நாளைக்கு வேண்டாம்" என்றுவிட்டார்.

"ஏன் மேடம்?"

"அவர்கிட்ட என்ன சொன்னீங்க?"

"எல்லாத்தையும் சொன்னேன். வயித்துல அஞ்சு துளை போட்டு, கேமரா விடுவோம். வயித்தை நீளவாக்குல பின் அடிச்சு, முக்கால்வாசியை வெட்டி எடுத்துடுவோம்னேன்."

"அதுக்கு அவர்?"

"சந்தோஷமா தலையாட்டினார்."

"சந்தோஷமாவா?"

ரெஜினா எழுந்து வார்டுக்கு நடந்தார். நன்மாறன் குழம்பிப்போய்ப் பின்னாலேயே ஓடினார்.

"செல்லையா, நாளைக்கு என்ன பண்ணப் போறோம்?"

செல்லையா சட்டையைத் தூக்கி, தொப்பையை இரண்டு கையாலும் அள்ளிப் பிடித்தார். "இந்தா, இந்த வயித்துல முக்கால்வாசியை அறுத்துப் போட்டுருவீங்க. அடுத்த மாசம் மக கல்யாணம். ஒட்டின வயித்தோட பந்தியில உக்காந்து ஒரு பிடி பிடிக்கணும்மா!"

அடப்பாவமே!

மேசைமேல் ஒரு பழைய துணிப்பை கிடந்தது. ரெஜினா கேட்டு வாங்கி, அதன் ஓரமாக மேலிருந்து கீழ்வரை ஸ்டேப்லரால் பின் அடித்தார். பெரிய பக்கத்தைக் கத்தரித்துக் கூடையில் போட்டார். மிஞ்சிய குழாய்க்குள் ஒரு ஆரஞ்சுகூட நுழையவில்லை.

"சாப்பாடு போய் விழுற பை உள்ள இருக்கு. வெட்டுறது அதைத்தான். தொப்பையைத் தொடவே மாட்டோம், அது மெள்ள மெள்ளத்தான் இறங்கும். வெட்டினது திரும்ப வராது."

"அப்ப பந்தி?"

"முதல்ல கொஞ்ச நாள் வெறும் நீராகாரம். அப்புறம் குழைச்சது. கல்யாணத்தன்னிக்கு ஒரு குழந்தை சாப்பிடுற அளவுதான்."

செல்லையா சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். வெகுநேரம் கூடையையே பார்த்தார்.

"வீட்ல ஒரு வார்த்தை கேட்டுக்கிறேம்மா."

வெளியே வந்ததும் நன்மாறனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

"நான் ஒரு வார்த்தை பொய் சொல்லலை மேடம். இரைப்பைன்னா புரியாதேன்னு வயிறுன்னேன். அவரும் கையெழுத்துப் போட்டாரே!"

"வயித்துக்குப் போட்டார். இரைப்பைக்கு யார் போட்டது?"