பதினாறு குடம் தண்ணீர்

காட்டின் ஓரத்தில் அல்லிக்குளம் என்றொரு குளம் இருந்தது. அதன் கரையில் சொரிமுத்து என்ற முள்ளம்பன்றியும் அவன் மனைவி பிரமாச்சியும் வாழ்ந்தார்கள்.

ஒருநாள் காலை ஒரு காகம் சேதி கொண்டுவந்தது.

"உங்க மக முப்பிடாதி சொல்லச் சொன்னா. பௌர்ணமிக்குள்ள பிரசவம் ஆயிரும் போலிருக்கு. தலைப்பிரசவம், பயமா இருக்காம். அம்மா பக்கத்தில இருந்தா தைரியமா இருக்குமாம்!"

பிரமாச்சி விரலை மடக்கி எண்ணினாள். பௌர்ணமிக்கு இன்னும் ஐந்து நாள். முப்பிடாதி வாழ்ந்துவந்தது தேரிக்கு அந்தப் பக்கம், கடலோரம் மழைத்தண்ணீர் தேங்கி நிற்கும் ஒரு பெரிய பள்ளத்தின் கரையில். தேரி என்றால் செம்மணல் காடு. மூன்று நாள் பயணம். வழியில் பனைமரம் உண்டு, உடைமரம் உண்டு. தண்ணீர் மட்டும் கிடையாது.

அவர்களிடம் ஒரு கூண்டு வண்டி இருந்தது. உள்ளே படுக்கை, அடுப்பு, துணி போட ஒரு கொடி எல்லாம் உண்டு. சக்கரம் வைத்த வீடு என்றே சொல்லலாம். அதை இழுக்கப் பக்கத்துக் கொட்டிலில் இருந்த கோயில்பிச்சை என்ற கழுதை முன்வந்தான்.

"பிள்ளைப்பேறுக்குப் போறீய, நான் வராம யாரு வருவா? நாளைக்கு விடியவும் கிளம்பிருவோம் அண்ணாச்சி!"

"தண்ணி எவ்வளவு எடுக்கலாம்?" என்று பிரமாச்சி கேட்டாள்.

அந்தக் கேள்வியைக் கேட்டதும் சொரிமுத்துவின் முதுகு முள்ளெல்லாம் எழுந்து நின்றது. இரண்டு கோடைக்கு முன்னால் ஒரு பயணம் போனார்கள். ஒரே ஒரு குடம்தான் எடுத்துப் போனான். பாதி வழியில் அது விரிசல் விட்டது. பிரமாச்சி மயங்கி விழுந்தாள். ஒரு மாட்டு வண்டிக்காரன் கண்ணில் பட்டதால் பிழைத்தார்கள். அன்று முதல், குடம் காலியாக இருப்பதைப் பார்த்தாலே அவனுக்கு நெஞ்சு படபடக்கும்.

"எட்டுக் குடம்," என்றான்.

"எட்டா? நம்ம ரெண்டு பேருக்கும் நாளைக்கு ஒரு குடம் போதுமே. மூணு நாளைக்கு மூணு குடம். கூட ஒண்ணு இருக்கட்டும்."

"நீ சும்மா இரு புள்ள. எட்டு இருக்கட்டும்."

பிரமாச்சி சும்மா இருந்தாள். அவள் மூட்டை கட்டப் போன நேரம் பார்த்து, சொரிமுத்து இன்னும் எட்டுக் குடங்களை நிரப்பிப் படுக்கைக்கு அடியில் வைத்து மூடினான். மொத்தம் பதினாறு குடம்.

"உனக்குத் தண்ணி?" என்று கோயில்பிச்சையிடம் யாரும் கேட்கவில்லை. அவனும் சொல்லவில்லை. இழுக்கிறவன் தண்ணீர் கேட்கக் கூடாது, இழுக்கச் சொன்னவன்தான் கேட்டுக் கொடுக்க வேண்டும் என்பது கழுதைகளின் வழக்கம். முள்ளம்பன்றிகளுக்கோ, வேண்டியதை வாய்விட்டுக் கேட்பதுதான் வழக்கம். கேட்கவில்லை என்றால் வேண்டாம் என்று அர்த்தம்.

மறுநாள் விடியலில் வண்டி புறப்பட்டது.

காட்டுப் பாதையில் பாரம் ஒன்றும் தெரியவில்லை. தேரியில் கால் வைத்ததும் சக்கரம் மணலில் ஒரு சாண் புதைந்தது. கோயில்பிச்சை மூச்சைப் பிடித்து இழுத்தான். பத்தடி நகர்ந்தது, நின்றது. மறுபடி பத்தடி.

"தம்பி, வண்டி ரொம்ப கனக்கோ?" என்று பிரமாச்சி உள்ளேயிருந்து கேட்டாள்.

"அதெல்லாம் இல்ல மைனி. மணலு கொஞ்சம் இளக்கமா இருக்கு, அவ்வளவுதான்!"

சாயங்காலம் ஒரு பனைமரத்தடியில் வண்டியை நிறுத்தினார்கள். திரும்பிப் பார்த்தால், தேரிக்குள் நுழைந்த இடம் இன்னும் கண்ணுக்குத் தெரிந்தது. ஒருநாள் முழுக்க இழுத்தும் அரைநாள் தூரம்தான் வந்திருந்தார்கள்.

பிரமாச்சி இறங்கிவந்து கோயில்பிச்சையின் முகத்தைப் பார்த்தாள். அவன் உதடு வெடித்திருந்தது. நாக்கு தடித்திருந்தது. கண்ணோரத்தில் உப்புப் பூத்திருந்தது.

"ஐயோ! இவனுக்கு ஒரு சொட்டுத் தண்ணி கொடுத்தோமா?"

அவள் ஒரு குடத்தைத் தூக்கிவந்து அவன் முன் வைத்தாள். ஒரே மூச்சில் குடித்தான். இரண்டாவது குடமும் போனது. மூன்றாவதையும் குடித்துவிட்டு வெட்கத்தோடு தலையைக் குனிந்துகொண்டான்.

அப்போது பனைமரத்து வேரடியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"அடேயப்பா! மூணு குடத்தைக் குடிச்சவனும் உண்டா? எங்க வீட்டுக்கு மூணு வருஷத்துக்கு வருமே!"

அது ஒரு முள்ளெலி. உள்ளங்கை அளவுதான் இருந்தது. பெயர் மட்டும் படைத்தலைவனைப் போலத் தளவாய்.

"வண்டி வந்த தடத்தைப் பார்த்தேன். யானையை ஏத்திட்டு வாறீயளோன்னு நினைச்சேன். உள்ளே என்ன இருக்கு?"

"தண்ணி," என்றான் சொரிமுத்து.

"எத்தனை குடம்?"

"எட்டு..." என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தான். பிறகு மெதுவாக, "பதினாறு," என்றான்.

பிரமாச்சி அவனைத் திரும்பிப் பார்த்தாள்.

தளவாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். பிறகு மணலில் உட்கார்ந்து நகத்தால் கோடு போட்டான்.

"அண்ணாச்சி, இங்க பாருங்க. இன்னைக்கு நீங்க ரெண்டு பேரும் ஒரு குடம். இழுத்தவன் மூணு குடம். ஆக நாலு போச்சு. மிச்சம் பன்னிரண்டு. இதே பாரத்தோட போனா இன்னும் அஞ்சு நாள் ஆகும். நாளைக்கு நாலு குடம்னா அஞ்சு நாளைக்கு எத்தனை?"

"இருபது."

"கையில இருக்கிறது பன்னிரண்டு! போகப்போகப் பாரம் குறையும்தான். ஆனாலும் காணாது. பௌர்ணமியும் தாண்டிப்போயிரும்."

சொரிமுத்துவின் முள்ளெல்லாம் சடசடத்தது. "நான் அப்பவே நினைச்சேன்! இருபத்தஞ்சு எடுத்திருக்கணும்!"

"எடுத்திருந்தா இந்தப் பனைமரம் வரைக்கும்கூட வந்திருக்க மாட்டீய," என்றான் தளவாய். "தண்ணிய இழுக்கிறதுக்கே தண்ணி செலவாகுது அண்ணாச்சி. பாரத்தைக் குறைச்சா இவனுக்கு ஒரு நாளைக்கு ஒரு குடம் போதும். உங்களுக்கு ஒண்ணு. இன்னும் ரெண்டரை நாள்ல போயிரலாம். அஞ்சு குடம் போதும். உடைஞ்சா கொட்டினா ஆகும்னு கூட ஒண்ணு வச்சுக்கிடுங்க. ஆறு!"

பன்னிரண்டு குடம் போதாது, ஆறு குடம் போதும். சொரிமுத்து அந்தக் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தான். கணக்கு அவனுக்குப் புரிந்தது. கைதான் வரவில்லை. ஒவ்வொரு குடத்தையும் இறக்கும்போது பிரமாச்சி மயங்கி விழுந்த அந்த நடுப்பகல் கண்முன்னே வந்து நின்றது. மூன்றை இறக்கினான். நான்காவதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றுவிட்டான்.

பிரமாச்சி பக்கத்தில் வந்தாள். தன் முள்ளையெல்லாம் படிய வைத்துக்கொண்டு அவன் தோளை ஒட்டி நின்றாள்.

"ஏங்க, அன்னைக்கு நான் தாகத்தில பயப்படல. உங்க முகத்தைப் பார்த்துத்தான் பயந்தேன். இந்த ரெண்டு வருஷமா அந்த முகம் மாறவே இல்லை. அதையும் இங்கேயே இறக்கி வையுங்க."

சொரிமுத்து இந்தப் பதினாறு குடத்தையும் அவளுக்காகத்தான் சுமக்கிறேன் என்று நினைத்திருந்தான். அவள் கேட்டது நாலே நாலு குடம்தானே! அப்படியானால் யாருக்காகச் சுமந்தான்? தன் பயத்துக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தானா? அதற்காக ஒருவன் நாள் முழுக்க நாக்கு வறண்டு இழுத்தானே, அவனை ஒருமுறையாவது திரும்பிப் பார்த்தானா?

நான்காவது குடத்தை இறக்கினான். ஐந்தாவதும் ஆறாவதும் இறங்கின. பிறகு கோயில்பிச்சையிடம் போனான்.

"ஏன்டே, தாகம்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"இழுக்கிறவன் கேட்கக் கூடாது அண்ணாச்சி. நீங்க கேப்பீயன்னு பார்த்துக்கிட்டே வந்தேன்."

"நீ கேப்பேன்னு நானும் இருந்துட்டேன். உன்னைக் கணக்கிலேயே சேர்க்காம விட்டுட்டேனே, என்ன மனுசன் நான்!"

"நீங்க மனுசனே இல்லியே அண்ணாச்சி, முள்ளம்பன்றிதான!" என்றான் கோயில்பிச்சை. பிரமாச்சி சிரித்துவிட்டாள். சொரிமுத்துவுக்கும் சிரிப்பு வந்தது.

இறக்கிய ஆறு குடங்களையும் பனைநிழலில் கழுத்துவரை மணலில் புதைத்து வாயை மூடினார்கள். "திரும்பி வரும்போது குடிக்கலாம். அதுவரைக்கும் தாகம்னு வாறவங்களுக்குக் கொடு," என்று தளவாயிடம் சொன்னார்கள்.

"தளவாய் காவல் இருக்கான், கவலை இல்லாமப் போங்க!" என்று அவன் நெஞ்சை நிமிர்த்தினான்.

மறுநாள் வண்டி மணலில் லேசாக உருண்டது. முள்ளம்பன்றிகள் இருவரும் கோயில்பிச்சையோடு பேசிக்கொண்டே கூட நடந்தார்கள். அவன் பாடக்கூடச் செய்தான். "தம்பி, நீ இழுக்கிறதே போதும்!" என்று பிரமாச்சி காதைப் பொத்திக்கொண்டாள். நிற்கும் இடத்தில் எல்லாம் சொரிமுத்து முதலில் அவனுக்குத்தான் ஊற்றினான். அன்று இரண்டு குடம் தீர்ந்தது. அதற்கு அடுத்த நாள் இரண்டு குடம். தளவாயின் கணக்கு ஒரு சொட்டும் தப்பவில்லை.

நான்காம் நாள் விடிந்தபோது இரண்டு குடம் மிச்சம் இருந்தது. அரைநாள் தூரமும் மிச்சம் இருந்தது.

கிளம்பிய கொஞ்ச நேரத்தில் சக்கரம் ஒரு வேரில் ஏறி இறங்கியது. உள்ளே 'டொப்' என்று ஒரு சத்தம். சொரிமுத்து ஓடிப் பார்த்தான். ஒரு குடம் உடைந்து கிடந்தது. தண்ணீர் பலகை இடுக்கு வழியாக மணலில் இறங்கி மறைந்தது.

அவன் முள்ளெல்லாம் குத்திட்டு நின்றது.

"திருப்பு! வண்டியைத் திருப்பு! பனைமரத்தடியில ஆறு குடம் இருக்கு!"

கோயில்பிச்சை நின்றான். "திருப்பினா அங்க போக ரெண்டு நாள் அண்ணாச்சி. முன்னாடி போனா உச்சிவெயிலுக்குள்ள போயிரலாம். நீங்க சொல்லுறபடி செய்யுதேன்."

பிரமாச்சி மகள் இருக்கும் திசையைப் பார்த்தாள். பிறகு கணவனைப் பார்த்தாள்.

சொரிமுத்து மிச்சமிருந்த ஒரு குடத்தைப் பார்த்தான். பயம் போய்விடவில்லை. அது அங்கேயேதான் இருந்தது. இரண்டு கோடைக்கு முன்னும் இப்படித்தான், ஒரே குடம். ஆனால் அன்று எவ்வளவு தூரம் என்று அவன் யாரிடமும் கேட்கவில்லை. இன்று தூரம் தெரியும். எத்தனை வாய் என்பதும் தெரியும்.

"முன்னாடியே போ," என்றான்.

குடத்தில் பாதியைக் கோயில்பிச்சைக்கு ஊற்றினான். மீதியைப் பிரமாச்சியிடம் நீட்டினான்.

"நீங்களும் குடிக்கணும்," என்றாள் அவள். "நீங்க குடிக்காம நடந்து விழுந்தா உங்களையும் சேர்த்து இவன்தான் இழுக்கணும்!"

ஆளுக்குக் கொஞ்சம் குடித்தார்கள். குடம் காலியானது. வண்டி நடந்தது.

சூரியன் தலைக்கு மேல் வரும் நேரம், செம்மணல் முடிந்து தாழம்புதர் தொடங்கியது. புதருக்கு அப்பால் தண்ணீர் வெள்ளி போல மின்னியது. கரையில் முப்பிடாதி வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா! வந்துட்டியா!"

பிரமாச்சி ஓடினாள். மகளை அணைத்துக்கொண்டு குகைக்குள் போனாள். சாயங்காலத்துக்குள் இரண்டு குட்டிகள் பிறந்தன. உடம்பெல்லாம் முள். ஆனால் ஒவ்வொரு முள்ளும் புல்லைப் போல மெத்தென்று இருந்தது.

களைப்பிலும் முப்பிடாதிக்குத் தகப்பன் நினைவு வந்தது. "அப்பா, இவ்வளவு தூரம் வந்திருக்கீய. முதல்ல தண்ணி குடிங்க!" என்று உள்ளேயிருந்து குரல் கொடுத்தாள். மருமகன் ஒரு தேங்காய்ச் சிரட்டை நிறையக் குளிர்ந்த தண்ணீர் கொண்டுவந்து நீட்டினான்.

சொரிமுத்து அதை வாங்கிக்கொண்டு நேரே வண்டிக்குப் போனான். அதன் நிழலில் படுத்திருந்த கோயில்பிச்சையின் அருகில் உட்கார்ந்து சிரட்டையை நீட்டினான்.

"இன்னும் வேணுமாடே?" என்று கேட்டான்.

கோயில்பிச்சை அவனை நிமிர்ந்து பார்த்தான். தன் பரம்பரையிலேயே முதல்முறையாக, "வேணும் அண்ணாச்சி," என்று வாய்விட்டுச் சொன்னான்.

பயம் அளக்கும் அளவுக்கு எல்லையே கிடையாது. ஆகவே பயணம் போகிறவர்கள் தூரத்தை விசாரித்து, சுமையை இழுப்பவனின் தாகத்தையும் கேட்டறிந்து, அதன் பிறகே குடத்தை நிரப்ப வேண்டும்.