தட்டில் ஓங்கி ஓர் அடி

இந்தப் புதிரில் மூன்று பெண்கள் இருக்கிறார்கள். அவசரப்பட்டு யார் பக்கமும் சாய்ந்துவிடாதீர்கள்.

மேலச்சாத்தனூர் அங்கன்வாடி டீச்சர் இந்திராணி. பிள்ளைகளுக்கு வந்த முட்டையைத் திருடிப் போகிறாள் என்று இரண்டு வருடங்களுக்கு முன் அதே ஊர்க்காரி கோமளவல்லி அவளைத் தெருவில் மறித்தாள். ஊர் பார்க்கப் பையைக் கவிழ்த்தாள். விழுந்தது காலி டிபன் டப்பாவும் ஒரு குடையும்தான். கோமளவல்லி மன்னிப்புக் கேட்கவில்லை. "சரி, போ" என்றாள். அந்தச் சொல் இந்திராணியின் நெஞ்சில் முள்ளாகத் தங்கிவிட்டது. எனக்கு நடந்திருந்தாலும் தங்கியிருக்கும்.

பிறகு கோமளவல்லியின் மகன் சர்வேஷ் அதே அங்கன்வாடியில் சேர்ந்தான். மூன்றரை வயது. அழமாட்டான், அடம்பிடிக்கமாட்டான். குக்கர் விசிலடித்தாலும் மதியத் தூக்கம் கலையாது. தங்கமான பிள்ளை என்று எல்லாரும் மெச்சினார்கள். பேச்சுதான் வரவில்லை. அபிநயப் பாட்டில் பக்கத்துப் பிள்ளையின் கையைப் பார்த்துப் பார்த்து, கொஞ்சம் பிந்தியே தன் கையைத் தூக்குவான்.

பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்பது சமையல் ஆயா சவரியம்மாளுக்கு ஆடி மாதமே பிடிபட்டது. பெற்றவள் துடித்துப்போவாளே என்று வாயை மூடிக்கொண்டாள். இந்திராணிக்கு ஐப்பசியில்தான் தெரிந்தது. அன்றே சொல்லியிருக்கலாம். அவளோ அம்மாக்கள் கூட்டம் வரட்டும் என்று பத்து நாள் காத்திருந்தாள். அந்தப் பத்து நாளும் அவளுக்குச் சோறு தனி ருசியாக இருந்தது.

கூட்டத்தன்று பிள்ளைகளைச் சுவரைப் பார்த்து நிற்க வைத்தாள். பின்னாலிருந்து எவர்சில்வர் தட்டில் கரண்டியால் ஓங்கி அடித்தாள். எல்லாப் பிள்ளைகளும் திரும்பினார்கள். சர்வேஷ் திரும்பவில்லை.

"கோமளா, ஒம் புள்ளைக்குக் காது கேக்கல. எம் பையக் கவுத்துப் பாத்தியே, பெத்த புள்ளையப் பாக்கத் தெரியலியா ஒனக்கு?"

ஆயா அழுதுவிட்டாள். "எனக்கு ஆடியிலயே தெரியும் டீச்சர். பெத்தவ மனசு ஒடஞ்சிருமேன்னுதான் சொல்லல."

கோமளவல்லி தலை நிமிரவில்லை. "எனக்கு அதுக்கும் முன்னாடியே தெரியும். மாமியா வீட்டுல தெரிஞ்சா என்னையத்தான் வைவாக. பேச்சு லேட்டுன்னு சொல்லிச் சமாளிச்சேன்."

மறுவாரமே மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். இந்த வயதில் ஒவ்வொரு மாதமும் முக்கியம் என்று டாக்டர் கடிந்துகொண்டார். காதுக்குக் கருவி மாட்டியாயிற்று, இனிப் பேச்சு வரும்.

பயந்து மறைத்தவள் ஒருத்தி, இரங்கி மறைத்தவள் ஒருத்தி, பழி தீர்க்கச் சொன்னவள் ஒருத்தி. இதில் யார் செய்தது சரி?

விடை: இந்திராணிதான். அவள் மனம் முழுக்க விஷம், ஒப்புக்கொள்கிறேன். ஆனாலும் பிள்ளைக்கு உதவியது அவள் சொன்ன உண்மை மட்டுமே. ஆயாவின் நல்ல மனசால் மூன்று மாதம் வீணானது. அதற்காக இந்திராணிக்குச் சபாஷ் போடவும் மாட்டேன். கோமளவல்லியைத் தலைகுனிய வைத்துவிட்டதாக அவள் நினைக்கிறாள். ஆனால் கூட்டம் முழுக்க வேடிக்கை பார்த்தது அந்தப் பிள்ளையைத்தான். எல்லாரும் ஏன் தன்னையே பார்க்கிறார்கள், ஆயா ஏன் அழுகிறாள் என்று புரியாமல், அவன் ஒவ்வொரு முகமாகப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.