தட்டில் ஐந்து காசுகள்

“எத்தனை தடவைதான் வேண்டாம்னு சொல்லுவீங்க, டீச்சர்?”

சவரிமுத்து படத்தை மேசைமேல் வைத்தார்.

திருநெல்வேலியில் பாதி வீட்டுக் கல்யாண ஆல்பங்களில் அவர் பெயர் இருக்கும். இப்போது நாணயச் சங்கம் போடும் புத்தகத்தில், ஒரே ஒரு படத்தின் கீழாவது அந்தப் பெயர் வர வேண்டும். அதற்காகத்தான் மகள் வயதுள்ள மெகருன்னிசாவிடம் பாடம் கேட்க வந்திருந்தார். புத்தகத்துக்குப் படங்களைத் தேர்வு செய்வது மெகருன்னிசாதான்.

படத்தில் சோழர் காலத்துச் செப்புக்காசு ஒன்று. அதில் நிற்கும் ஆள், மணமேடையில் நிற்கும் மாப்பிள்ளை மாதிரி மின்னினான்.

“அழகாத்தான் இருக்கு, அண்ணாச்சி.”

“பிறகென்ன?”

“காசை ஏதும் செஞ்சீங்களா?”

“துடைக்கக்கூட இல்ல. ஓரத்தைப் பிடிச்சுத்தான் தூக்கினேன். தோள்ல ஒரு கீறல் கிடந்தது. படத்துல மட்டும் அதை எடுத்துட்டேன். பொண்ணு மூஞ்சில பரு இருந்தா அப்படியே விட்டுருவோமா?”

மெகருன்னிசா உள்ளே போய் ஒரு தட்டைக் கொண்டுவந்தார். கறுப்புத் துணிமேல் ஐந்து செப்புக்காசுகள். ஐந்திலும் அதே ஆள் நின்றான்.

“நீங்க எடுத்த காசும் இதுல கிடக்கு. படத்தைப் பாத்து எதுன்னு சொல்லுங்க.”

சவரிமுத்து படத்தைப் பார்த்தார். தட்டைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி பார்த்தார். தோளில் கீறல் உள்ளதே இரண்டு இருந்தன.

“கீறல் உள்ள ரெண்டும் ஒரே ஜாடை, டீச்சர்.”

“ஆல்பத்துல மாப்பிள்ளையை மாத்தி ஒட்டினா, பொண்ணு வீட்டுல இப்படிச் சொல்லித் தப்பிச்சிருவீங்களா?”

சவரிமுத்துவுக்குச் சுருக்கென்றது. கேமராப் பையை எடுத்தார்.

“சரி. நான் கிளம்புதேன். இனி வரல.”

“கிளம்புங்க. அதுக்கு முன்னாடி ஒரு படம். அஞ்சுல ஏதாவது ஒண்ணு. எதுன்னு எங்கிட்ட சொல்லக்கூடாது. நான் டீ குடிச்சுட்டு வாரேன்.”

தனியாக நின்ற சவரிமுத்து, ஒவ்வொரு காசாக எடுத்துப் பார்த்தார்.

ஒன்றில் விளிம்பு உடைந்திருந்தது. ஒன்றில் அச்சு நகர்ந்து, ஆளுக்குப் பாதங்களே இல்லை. இதில் எதை எடுத்தாலும் டீச்சர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிடுவார்.

அவற்றைச் சவரிமுத்து திருப்பி வைத்தார். கீறலோ உடைசலோ தெரியாத, தேய்ந்து வழவழத்த காசை எடுத்தார்.

வழக்கம்போல, வெளிச்சம் பரவுவதற்காகக் காசைச் சுற்றி வைத்த வெள்ளைத் தாள்களை விலக்கினார். மேசை விளக்கைத் தாழ்த்தினார். இன்னும் தாழ்த்தினார். ஒளி காசை உரசிக்கொண்டு போனபோது, அந்த ஆளின் காலடியில் மயிரிழைபோல ஒரு வெடிப்பு எழுந்து வந்தது.

அப்போதுதான் பொத்தானை அழுத்தினார்.

தட்டைக் குலுக்க மனம் வரவில்லை. காசுகளை ஓரம் பிடித்து ஒவ்வொன்றாக இடம் மாற்றி வைத்தார்.

மெகருன்னிசா வந்தார். கேமராத் திரையை வெகுநேரம் பார்த்தார். பிறகு தட்டின்மேல் விளக்கைச் சாய்த்தார். அவர் விரல் மூன்று காசுகளைத் தாண்டிப் போய், நான்காவதைத் தூக்கியது.

“இதுதானே?”

சவரிமுத்து தலையசைத்தார்.

“இதை நான் வருஷக்கணக்கா கையில வச்சிருக்கேன். இந்த வெடிப்பைப் பாத்ததே இல்ல.”

சவரிமுத்து பையைத் தோளில் மாட்டிக்கொண்டு நிமிர்ந்து நின்றார்.

“அப்ப, கிளம்பவா?”

மெகருன்னிசா பேனாவைத் திறந்தார்.

“உங்க இன்ஷியல் என்ன, அண்ணாச்சி?”