ரயில் போன பிறகு

மாசிலாமணி எதைப் பிடித்தாலும் உடும்புப் பிடி. அவருக்கு அதுவே வினையாகவும் இருந்தது.

வயது ஐம்பத்திரண்டு. ரயில்வே கேட் கீப்பர். இடது காலில் இரண்டு விரல்களில் புண், நான்கு மாதமாக ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் கெடு வைத்துவிட்டார்கள். ஆறு வாரத்தில் சர்க்கரை இறங்காவிட்டால் இரண்டு விரல்களையும் எடுத்துவிட வேண்டும். விரல்கள் போனால் வேலைக்கான மருத்துவத் தகுதி போகும், தகுதி போனால் கேட்டும் போகும். இருபத்தாறு வருஷமாக அந்தக் கேட்டைத் தவிர அவருக்கு வேறு உலகம் கிடையாது.

ஆஸ்பத்திரியிலிருந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. நேராக மலையடிவாரத்து ஆசிரமத்துக்குப் போனார்.

அங்கே இருப்பவர் நிறைமதி அம்மா. சித்த வைத்தியம் படித்துவிட்டுத் துறவு பூண்டவர். முப்பத்தெட்டு வயதுதான், ஆனால் ஊரின் பெரிய மீசைகள் எல்லாம் அவரை அம்மா என்றுதான் கூப்பிடும். அவரோ எல்லாரையும் அண்ணே, அக்கா என்பார். மாசிலாமணி ஐந்து வருஷமாக அவருடைய சீடர்.

"எனக்கு ஒரு விரதம் குடுங்கம்மா. கடுமையானதா குடுங்க."

"இப்ப என்ன விரதம் இருக்கீங்க, அண்ணே?"

பெருமையாக ஒப்பித்தார். விடிகாலையில் ஓட்டம். ஒரே வேளைச் சாப்பாடு. பச்சைத் தண்ணீரில் குளியல்.

"இந்தக் காலை வெச்சுக்கிட்டு ஓட்டமா?"

"டாக்டரு சொன்னாரும்மா. பயம் வந்தா கிட்னி மேல குல்லா மாதிரி ஒக்காந்திருக்கிற சுரப்பி எதையோ சுரக்குதாம். அது சர்க்கரையை எடுத்து ரத்தத்துல கொட்டுதாம், எழுந்து ஓடுறதுக்காக. 'உனக்குத் தெனமும் கொட்டுது, நீ எங்கய்யா ஓடுற'ன்னாரு. அதான் ஓடிப் பாக்கறேன்."

அம்மாவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார்.

"குடி?"

மாசிலாமணியின் குரல் இறங்கியது. நாலு தடவை விட்டாச்சு என்றார். ஒவ்வொரு தடவையும் ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ கால் தானாகக் கடைக்குப் போய்விடுகிறது.

"என் ஒடம்பே எனக்குப் பகைம்மா. கண்கொத்திப் பாம்பாட்டம் காவல் காக்கறேன். கொஞ்சம் அசந்தா கவுத்துடுது. இந்தத் தடவை அதுவா நானான்னு பாத்துடறேன்."

"ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தாதீங்க. ஓட்டத்தை நிறுத்துங்க. நேரத்துக்குச் சாப்பிடுங்க."

"விரதம்?"

"நாளைக்கு உங்க கேட்டுக்கு வரேன்."

சொன்னபடி வந்தார். கேட்டுக்குப் பக்கத்தில் வேப்பமரத்தடியில் ஒரு சிமெண்ட் பலகை. காலையிலிருந்து அதில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டே இருந்தார்.

கேட் வேலை ஒன்றும் மாயமந்திரம் இல்லை. ஸ்டேஷனிலிருந்து ஃபோன் வரும். கைப்பிடியைச் சுற்றினால் இரண்டு பக்கமும் தடுப்புக் கம்பி இறங்கும். ரயில் போகும். திருப்பிச் சுற்றினால் கம்பி தூக்கும். ஆனால் மாசிலாமணி ஃபோன் வருவதற்கு வெகுநேரம் முன்பே கம்பியை இறக்கிவிட்டார். ரயில் போன பிறகும் கைப்பிடியைப் பிடித்தபடி இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

கரும்பு வெட்டுக் காலம். ரோட்டில் டிராக்டர்கள் வரிசை கட்டி நின்றன.

"யோவ்! அடுத்த ரயிலு இனிமேதான் பொறந்து வரணுமா?" என்று ஒரு டிரைவர் கத்தினான்.

மாசிலாமணிக்குக் காதில் விழுந்தது. கை அசையவில்லை.

அம்மா எழுந்து வந்தார். "ரயில் போயிடுச்சே, அண்ணே."

"இன்னொண்ணு வந்துட்டா?"

"ஃபோன் வந்துச்சா?"

"வரல. வந்துட்டா?"

மாசிலாமணியே சொன்னார். மூன்று வருஷத்துக்கு முன் ஒரு நாள், கம்பி இறங்கியிருந்தபோதே பால்காரர் ஏகாம்பரம் வண்டியைச் சாய்த்துக் கம்பிக்கு அடியில் புகுந்துவிட்டார். எதிரே சரக்கு ரயில். ஏகாம்பரம் வண்டியைப் போட்டுவிட்டுக் குதித்தார். கேன்கள் நசுங்கித் தண்டவாளமெல்லாம் பால். மாசிலாமணி மேல் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

"ஏகாம்பரம் இப்ப எங்க?"

"தெனம் ரெண்டு வேளை இப்டித்தான் போறாரு. சிரிச்சுக்கிட்டே போறாரு. எனக்குத்தாம்மா தண்டவாளத்தைப் பாத்தா பாலு தெரியுது." கைப்பிடியை இன்னும் இறுக்கிப் பிடித்தார். "சாயந்தரம் ரெண்டு மடக்கு உள்ள போனாத்தான் அது மறையுது."

அப்போது தலையில் புல்லுக்கட்டோடு ஒரு பெண் குனிந்து கம்பிக்கு அடியில் போனாள். அவள் பின்னால் சைக்கிளைச் சாய்த்துக்கொண்டு ஒருவர். அவர் பின்னால் ஆட்டை இழுத்துக்கொண்டு ஒரு பெரியவர்.

"அப்பவும் இத்தனை பேர் குனிஞ்சு போவாங்களா?"

"இல்லம்மா. ஏகாம்பரம் ஒருத்தர்தான்."

"இப்ப?"

மாசிலாமணி பார்த்தார். தினமும் பார்ப்பதுதான், அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது. யாருக்காக அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாரோ அவர்கள் எல்லாரும் தண்டவாளத்தின் மேல்தான் நடந்துகொண்டிருந்தார்கள்.

அம்மா முன்னால் நின்ற டிராக்டரைத் தட்டினார். "இந்தக் கரும்பு எங்க போகணும்?"

"மில்லுக்கு."

"இங்கயே நின்னா?"

"காஞ்சுடும். எறும்பு மொய்க்கும்."

அம்மா குனிந்து மாசிலாமணியின் காலைப் பார்த்தார். புண்ணின் கட்டுத்துணி ஓரமாக எறும்புகள் ஊர்ந்துகொண்டிருந்தன. அம்மா அவற்றைத் தன் கையால் தட்டிவிட்டார்.

"ரயில் போனாலும் உங்க பயம் எறங்கல, அதான் சர்க்கரையும் எறங்காம நிக்குது. ஆறு வாரத்துக்கு விரதம் சொல்றேன். ஃபோன் வந்தப்புறம் எறக்குங்க. ரயில் போனதும் தூக்குங்க."

"அவ்ளோதானா? இது விரதமாம்மா, இது என் டூட்டியாச்சே!"

"இருந்து பாருங்க."

இருந்து பார்த்தார். பட்டினி கிடப்பது அதைவிட எளிது. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவருக்கோ பட்டப்பகலில், காலித் தண்டவாளத்தில் பேய் நின்றது. ரயிலின் கடைசிப் பெட்டி போனதும் கைப்பிடியைச் சுற்ற வேண்டும். கை தயங்கும். வாயில் தெரிந்த சாமி பெயரையெல்லாம் சொல்லிக்கொண்டு சுற்றுவார். கம்பி தூக்கும். டிராக்டர்கள் உறுமிக்கொண்டு போகும். யாரும் சாகவில்லை என்பதைப் பார்த்த பிறகுதான் மூச்சு விடுவார். அதற்குள் அடுத்த ரயிலுக்கு ஃபோன் வந்துவிடும்.

ஆறாம் நாள் காலையில் ஆசிரமத்து வாசலிலேயே நின்றார். உள்ளே வர முகம் இல்லை.

"நேத்து குடிச்சுட்டேம்மா."

"கேட்டைத் தூக்குனீங்களா?"

"எல்லா வண்டிக்கும் தூக்குனேன். சாயந்தரம் கடைசி வண்டிக்கு மட்டும் கை வரல. அரைமணி நேரம் அப்டியே நின்னுட்டேன். டூட்டி முடிஞ்சுது, நேரா கடைக்குப் போயிட்டேன்."

அம்மா கேழ்வரகுக் கூழை ஒரு சொம்பில் ஊற்றி அவர் கையில் கொடுத்தார். திட்டு வரும் என்று மாசிலாமணி காத்திருந்தார். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"மூடியே வெச்சிருந்தா ஆளுங்க குனிஞ்சு பூந்துதான் போவாங்க, அண்ணே. ஒடம்பும் அப்டித்தான். குடிச்சுட்டுக் கெளம்புங்க. பத்து மணி வண்டிக்கு நேரமாச்சு."

கூழைக் குடித்துவிட்டுக் கிளம்பினார். வழியெல்லாம் தன்மேல் கோபம் கோபமாக வந்தது. விரதம் என்றால் விரதம்தான் என்று சொல்லிக்கொண்டார். உடும்புப் பிடியைத் தளர்த்துவதற்கும் ஓர் உடும்புப் பிடி வேண்டியிருந்தது. அது அவரிடம் இருந்தது.

இரண்டாம் வாரமும் கை தயங்கியது. தயங்கிய கையாலேயே தூக்கினார். மூன்றாம் வாரம் ஒரு சாயந்தரம் வீட்டுக்கு வந்தவர் செருப்பைக் கழற்றிவிட்டுக் கட்டிலில் சாய்ந்தார், அப்படியே தூங்கிப்போனார். மூன்று வருஷமாகப் புரண்டு புரண்டு படுக்கிற மனிதர் குறட்டை விடுவதைக் கேட்டு அவர் மனைவி செங்கமலம் பயந்துபோய் மூக்கில் கைவைத்துப் பார்த்தார்.

ஐந்தாம் வாரம் மறுபடி ஒருநாள் கடை வாசல் வரை போனார். நின்றார். திரும்பி வந்துவிட்டார். அது ஏன் என்று அவருக்கே தெரியாது.

ஆறு வாரம் முடிந்தது. சர்க்கரை இறங்கியிருந்தது. ஆனால் சுண்டுவிரல் அதற்குள் கருத்துவிட்டது, அதை எடுத்தாக வேண்டும் என்றார்கள். பக்கத்து விரல் பிழைத்தது. வேலைக்குத் தகுதி என்று சீட்டும் கொடுத்தார்கள்.

கட்டுப்போட்ட காலோடு கோல் ஊன்றி ஆசிரமத்துக்கு வந்தார் மாசிலாமணி. அம்மா மருந்து இடித்துக்கொண்டிருந்தார்.

"ஒண்ணு போயிடுச்சும்மா."

"வலிக்குதா, அண்ணே?"

"வலிக்குது." கோலைப் பிடித்தபடி மெல்ல உட்கார்ந்தார். பிறகு, "அதுக்காக வரல. இன்னொரு விரதம் வேணும்."

"எதுக்கு?"

"பயம் இன்னும் வருதும்மா. ஃபோன் அடிச்சாலே நெஞ்சு திக்குங்குது. ரயில் போனா எறங்கிடுது, இல்லேன்னு சொல்லல. ஆனா அடுத்த வண்டிக்கு மறுபடி வந்து நிக்குது. இவ்ளோ தூரம் வந்துட்டேன், அதையும் வேரோட பிடுங்கிப் போட்டுடணும். பயமே வராம இருக்கிறதுக்கு ஒரு விரதம் சொல்லுங்க. எவ்ளோ கடுமையா இருந்தாலும் இருந்துடறேன்."

அம்மா உலக்கையைச் சுவரில் சாய்த்து வைத்தார்.

"நான் வாரத்துல நாலு நாள் அந்தத் தண்டவாளத்தைத் தாண்டிப் போறவ, அண்ணே. பயமே இல்லாதவர் காக்கிற கேட்டை நான் தாண்டமாட்டேன்."