அங்காயி வெளியே தள்ளிய மூட்டைகள்

அந்தக் காலத்தில் உடம்புக்குள் இருந்த உயிரணுக்கள் ஒன்றோடொன்று வாய்விட்டுப் பேசிக்கொண்டன. ஒரு தாயின் மார்பில், பால்குழாய் ஓரமாக, செம்பாயி, அங்காயி என்று இரண்டு உயிரணுக்கள் அடுத்தடுத்துக் குடியிருந்தன. ஒரே அணு இரண்டாகப் பிரிந்தபோது ஒரே நொடியில் பிறந்தவர்கள்தான். ஆனாலும் அங்காயி மற்றவளை அக்கா என்றுதான் கூப்பிடுவாள்.

பால் சுரந்த நாட்கள்தான் அவர்களுடைய நல்ல நாட்கள். குழந்தை வாய் வைத்ததும் இருவரும் கொழுப்பையும் சர்க்கரையையும் துளித்துளியாக வெளியே அனுப்புவார்கள். "நம்ம வீட்டுல இருந்து போறது ஒரு பிள்ளையோட வயித்துக்குப் போகுதுக்கா!" என்று அங்காயி பூரித்துப்போவாள். பின்னாளில் செம்பாயி தனியாக இருந்தபோது அடிக்கடி நினைத்துக்கொண்டது அந்தக் குரலைத்தான்.

ஒவ்வொருத்தி வீட்டிலும் ஒரு புளிப்புப்பை இருந்தது. படித்தவர்கள் இப்போது லைசோசோம் என்று சொல்வது அதைத்தான். உடைந்தது, கெட்டது, மிஞ்சியது எல்லாவற்றையும் புளிப்பில் கரைத்து, மறுபடி உதவும் பொருளாக்கித் தரும். அதனால் வாசலைத் தாண்டி அழுக்கு போனதில்லை.

குழந்தை பால் மறந்தது. செம்பாயி ஓய்ந்து உட்கார்ந்தாள். அங்காயியால் உட்கார முடியவில்லை. பெருகிக்கொண்டே போனாள். அவள் வீட்டில் குப்பையும் பெருகியது.

"என்னால இவ்வளவுதான் கரைக்க முடியும் தாயி. கொஞ்சம் நில்லு," என்றது புளிப்புப்பை.

"உனக்குப் புளிப்பு ஏத்தியே என் தெம்பெல்லாம் போகுது. இனி ஒரு சொட்டு கிடையாது." சொன்ன கையோடு அங்காயி புளிப்பு போகும் வழியை அடைத்துவிட்டாள்.

பை ஊதிப்போய்ச் செயலற்றுக் கிடந்தது. கரையாத குப்பையை அங்காயி மூட்டை மூட்டையாகக் கட்டி வெளியே தள்ளினாள். பைக்குள் இருந்த கரைக்கும் சாறும் கூடவே வெளியே கசிந்தது.

ஒரு மூட்டை செம்பாயி மேல் வந்து ஒட்டியது. தங்கச்சி அனுப்பியதாயிற்றே என்று ஆசையாக உள்ளே எடுத்தாள். அதற்குள், "பெருகு, நிற்காதே" என்ற ஏவல் இருந்தது. அவளுக்கும் உடம்பெல்லாம் பரபரத்தது. அவளுடைய புளிப்புப்பை சட்டென்று அதை வாங்கிக் கரைத்ததால் பிழைத்தாள்.

"அங்காயி, என்னடி இது? பால் அனுப்புன வாசல்டி!"

"பால் கேக்க இப்ப யாரு இருக்கா? எனக்கு இந்த இடம் பத்தலைக்கா."

"அந்தப் பைக்கு வழியைத் திறந்து விடு. நான் கூட இருந்து பாத்துக்கறேன்."

அங்காயி ஊதிக்கிடந்த பையைச் சுற்றித் தடவிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: "எங்க அடைச்சேன்னே தெரியலைக்கா."

அதற்குள் வெளியே கசிந்த அந்தச் சாறு, அவர்கள் குடியிருந்த பால்குழாயின் அடிச்சுவரை அரித்து ஓட்டை போட்டிருந்தது. அக்கா பிடித்திருந்த பிடியை விட்டு, அங்காயி அதன் வழியாக நழுவி ரத்தத்தில் இறங்கிப் போனாள். நுரையீரலுக்குப் போனவளுக்கு, முன்பே ரத்தத்தில் மிதந்து அங்கே போய்ச் சேர்ந்திருந்த அவளுடைய மூட்டைகள் இடத்தைப் பதமாக்கி வைத்திருந்தன. செம்பாயிக்குப் பக்கத்தில் ஒருத்தி இருக்கும் அளவு இடம் காலியாகவே கிடந்தது.

அன்று முதல்தான், புளிப்புப்பை பழுதான புற்றணுக்கள் உள்ளே கரைக்க வேண்டியதை வெளியே தள்ளுகின்றன. தாங்கள் போகும் ஊருக்குத் தங்கள் மூட்டைகளை முன்னதாகவே அனுப்பிவைக்கின்றன.