பெட்ரோல் மூடிக்கு வைத்த சந்தனம்

இதை எனக்கு முதலில் சொன்னது என் சின்ன மருமகன், போன ஆயுத பூஜைக்கு மறுநாள், சுண்டல் சாப்பிட்டுக்கொண்டே.

உடுமலைப் பக்கம் மில் முதலாளி கனகசபாபதிக்குச் சொந்தமாக ஒரு குட்டி விமானம். ஒரு வருஷம் ஆயுத பூஜை முடிந்ததிலிருந்து அதற்கு ஒரு வியாதி. பத்து நிமிஷம் இன்ஜின் ஓடும், பிறகு விக்கி நின்றுவிடும். மெக்கானிக் பெட்ரோல் மூடியைத் திறந்து பார்த்தால் டேங்க் நிறையப் பெட்ரோல் இருக்கும். மூடிவிட்டுக் கிளப்பினால் மறுபடி பத்து நிமிஷம்தான்.

முதலாளி, விமானம் கழுவுகிற துளசியாத்தாளைப் பிடித்துக்கொண்டார்.

"நீதான் தண்ணி விட்டுக் கெடுத்துட்டே! பொழுது சாயறதுக்குள்ள இது ஓடணும். ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. ஓடலேன்னா நாளைக்கு வேலைக்கு வராதே."

அவளுக்கு அந்த வேலைதான் சோறு. சாமியை நினைத்துக்கொண்டு பெட்ரோல் மூடி இருக்கிற இறக்கையை ஒரு சுற்றுப் பார்த்தாள்.

"ஏனுங்க, பூஜைக்குச் சந்தனம் வெச்சது யாருங்க?"

"நானேதான்! ஒரு இடம் விடல. எவனும் துடைக்கக் கூடாதுன்னு சொல்லியிருக்கேனல்ல?"

"அதனாலதானுங்க நான் தொடல. பெட்ரோல் மூடியில காத்துப் போக ஒரு ஓட்டை இருக்குதுங்க. அதுக்கும் அப்பிட்டீங்க. காத்து உள்ள போகாம பெட்ரோல் இறங்க மாட்டேங்குது. வெச்ச கையாலயே எடுத்துருங்க."

மெக்கானிக் அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான். முதலாளி ஏணி ஏறி, தீக்குச்சியால் நோண்டி எடுத்தார். இன்ஜின் அரை மணி நேரம் நிற்காமல் ஓடியது.

"நாளைக்கு வரட்டுங்களா?"

"காலையில வெள்ளனே வா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமல்.

நீங்களும் பூஜைக்கு மோட்டாருக்கோ குக்கருக்கோ பொட்டு வைக்கும்போது, ஓட்டையை மட்டும் விட்டுவிட்டு வையுங்கள்.