எலி வளையின் இரண்டாவது வாசல்

செங்கல்பட்டுப் பக்கம் இருளர் பிள்ளைகள் படிக்கிற பள்ளிக்கூடம் ஒன்று. அங்கே அறிவியல் டீச்சர் கன்னியம்மா, அவளும் இருளர் வீட்டுப் பெண்தான். ஒருநாள் பிள்ளைகளை வரப்புக்குக் கூட்டிப்போய் எலி வளையைக் காட்டிப் பாடம் நடத்தினாள். "எலிக்கு ரெண்டு வாசல். ஒண்ணு போக வர. இன்னொண்ணை லேசா மண்ணால மூடி, தப்பிக்கிறதுக்கு வெச்சிருக்கும்."

அன்று பள்ளிக்கூடச் சோதனைக்கு வந்த அதிகாரி சபாநாயகம் வரப்பிலேயே நாற்காலி போடச் சொல்லி உட்கார்ந்தார். "புத்தகத்துப் படத்துல ஒரு வாசல்தானே இருக்கு? இன்னொண்ணைக் காட்டு. இல்லேன்னா இந்தப் பாடமும் உன் வேலையும் இன்னியோட சரி."

"உங்க நாற்காலிக்கு அடியிலதான் இருக்குங்க சார். கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

"என்னையே எழுப்பப் பார்க்கிறியா? நகர மாட்டேன்."

கன்னியம்மா எலிக்குப் புகை போடக் கையோடு கொண்டுவந்திருந்த சட்டியை எடுத்தாள். அதில் வைக்கோலைக் கொளுத்தி, வளையின் வாயில் வைத்து ஊதினாள். நாற்காலிக்கு அடியில் மண் பொலபொலவென்று உதிர்ந்தது. முதலில் புகை வந்தது. பின்னாலேயே கொழுத்த எலி ஒன்று அவருடைய செருப்பு மேல் ஏறி ஓடியது.

அதிகாரி நாற்காலி மேல் ஏறி நின்றுகொண்டார். "அம்மா, இன்னும் எத்தனை வாசல் இருக்கு?"

"அது மீதிப் பாடத்துல வருதுங்க சார். நடத்தலாமா?"

"நடத்தும்மா, சீக்கிரம் நடத்து!"